பாதிப் பாட்டிலில் இருந்த காற்று

ஸ்டோர்காரர்களே, முதலில் ஒரு வேலை. உங்கள் ஸ்டோரில் பிரிட்ஜ் இருக்கிறதல்லவா, எழுந்து போய் அதைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறை?

பார்த்தாயிற்றா? மேல்தட்டில் தயிர் டப்பா. கதவில் யாரோ வீட்டுக்கு வாங்கி வைத்த பூ. கீழே ஏழெட்டுத் தண்ணீர் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, யாருக்காக அந்தப் பிரிட்ஜை வாங்கினார்களோ அந்தப் பசை ட்யூப்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஸ்டோரிலும் அப்படித்தான் இருந்தது. தயிரை வெளியே எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னால் மெக்கானிக்குகள் ஏதோ சொத்தில் பங்கு கேட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடனே ஒட்டும் பசை ட்யூபைக் குளிரிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் வெளியே கிடக்கட்டும். குளிர்ந்த ட்யூபுக்குள் வெளிக்காற்று போனால் ஈரம் படியும், அந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும். அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டே நாளில் ட்யூப் கல்லாகிவிடும். அப்புறம் கம்பெனியைத் திட்டுவீர்கள். நானும் திட்டியிருக்கிறேன், அதனால் தெரியும்.

எங்கள் ஸ்டோருக்குப் பிரிட்ஜ் வந்ததே நான் செய்த ஒரு தப்பினால்தான். நன்னிலம் பக்கம் கதிர் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒர்க் ஷாப்பில் பல வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். எல்லோருக்கும் நான் 'ஸ்டோர் அக்கா'. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன், அந்தப் பயத்தில் வந்த மரியாதை அது.

நான் சொல்லப்போவது ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. கழலக்கூடாத போல்ட்டின் மரையில் தடவுவோமே, நீலநிறத் திரவம், த்ரெட் லாக்கர். எங்கள் ஒர்க் ஷாப்பில் அதற்குச் சுருக்கமாக 'நீலம்' என்று பெயர். "அக்கா, நீலம் குடுங்க" என்றால் அதுதான். அந்த வருடம் புதிதாக மூன்று பாட்டில் வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றிலும் பாதிதான் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! அதற்கு முன்னால் வந்தவையும் பாதிதான் இருந்திருக்க வேண்டும், அதுவரை நான் கவனித்துப் பார்த்ததில்லை. ஸ்டோர்காரியையே ஏமாற்றுகிறார்களா என்று பாட்டிலின் மேல் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். குரலைக் கேட்டால் கல்லூரி முடித்து வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது.

"மேடம், அளவு சரியாத்தான் இருக்கும். பாட்டில்தான் பெருசு. உள்ள காத்து இருந்தாத்தான் அது தண்ணியா இருக்கும். காத்து போகாத எடத்துல, ரெண்டு இரும்புக்கு நடுவுல மாட்டுனாத்தான் இறுகும். அதுக்காகத்தான் காலியா விடுறோம்."

"குறைச்சு ஊத்துறதுக்கு இப்படி ஒரு காரணமாம்மா? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க உனக்கு" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வேற சந்தேகம் இருந்தா கூப்பிடுங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஆயுத பூஜைக்கு ஸ்டோரைச் சுத்தம் செய்வதென்றால் எனக்கு ஒரு வெறி. அலமாரியைத் துடைத்து, தாள் விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் ஒரு இடம் கண்ணை உறுத்தியது. நீலம் பாட்டில்கள். புதியது மூன்று, பழையது இரண்டு, எல்லாமே அரைகுறை. பழைய இரண்டும் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடையைப் பார்த்தவை. சித்திரையில் அந்த அலமாரியின் மேல்தட்டைத் தொட முடியாது, தோசைக்கல் மாதிரி இருக்கும். அவற்றின் மேல் என்ன தேதி போட்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் தேதி பார்க்கிற ஆள் நான்.

பழைய பாட்டில்களில் இருந்ததைப் புதிய இரண்டு பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றினேன். பழையது தீர்ந்துவிட்டதால் மூன்றாவது புதுப் பாட்டில் தப்பித்தது, அதன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. காலிப் பாட்டில்களைக் குப்பையில் போட்டேன். நிறைந்த இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நான் செய்தது என்னவென்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். பாட்டிலின் மேல் இருந்தது புதுத் தேதி, உள்ளே இருந்ததில் பாதி கெட்டுப்போன சரக்கு. அடுத்து எடுக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

மார்கழியில் ஒரு பாட்டில் உள்ளேயே கட்டியாகிவிட்டது. தட்டிப் பார்த்தேன், ஜெல்லி மாதிரி ஆடியது. காற்றுக்கு இடமில்லாமல் நானே அடைத்து வைத்தது என்று தோன்றவில்லை. "பாரு, மட்டமான சரக்கு" என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தேன். அதில் நீலம் தண்ணீராகவே இருந்தது. ஆக, நல்லது என்று முடிவு கட்டினேன். கட்டியானது தன் தப்பைத் தானே சொல்லிவிட்டது. தண்ணீராக இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது.

சம்பா அறுவடைக்கு முன்னால் ஐந்து இயந்திரங்களின் டிரம்மைக் கழற்றி மாட்டினார்கள். கதிரை அடித்து நெல்லைப் பிரிக்கும் டிரம் அது. சுற்றிலும் இரும்புப் பற்கள், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு போல்ட். அது சுற்றும் வேகத்தில் ஒரு பல் கழன்றால் உள்ளே இருப்பதையெல்லாம் நொறுக்கிவிடும், சில சமயம் வைக்கோலோடு பின்பக்கமாகப் பறந்துவரும். அத்தனை போல்ட்டையும் துடைத்து, நீலம் தடவி முடுக்கியவன் முருகையன். கை சுத்தமான மெக்கானிக். வாய்தான் ஓயாது.

தை மாதம் பாதி கடந்திருக்கும். கடலில் காற்றழுத்தம், இரண்டு நாளில் மழை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அறுப்பு மிஷினுக்கு இருந்த கிராக்கி சொல்லி மாளாது. காலை பத்து மணிக்கு ஆத்தூர்க்கார டிரைவர் ஒருவர் ஒர்க் ஷாப்புக்குள் வந்தார். அறுவடைக்காக இங்கே வண்டி ஓட்ட வந்தவர். என் மேஜை மேல் ஒரு போல்ட்டை நட்டோடு வைத்தார்.

"டிரம்முல சத்தம் வந்துச்சுங்க. நிறுத்திப் பாத்தா ஒரு பல்லு ஆடுது. இந்த நட்டு கையால சுத்துது பாருங்க."

மேனேஜரும் வந்துவிட்டார். போல்ட்டைப் பார்த்தார், நேராக முருகையனைக் கூப்பிட்டார். "முடுக்குனியா, இல்ல போன் பேசிக்கிட்டே மாட்டுனியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எப்போதும் பதில் சொல்லும் முருகையன் அன்று வாயைத் திறக்கவில்லை. தான்தான் சரியாக முடுக்கவில்லையோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது.

நான் நட்டைக் கழற்றி மரையைத் தடவினேன். காய்ந்த நீலத்தை உடைத்தால் மரையில் பொடி நிற்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நட்டுக்கு வெளியே வழிந்தது காயாமல் இருப்பது சகஜம், உள்ளே இருப்பது காய்ந்திருக்க வேண்டும். இதில் உள்ளேயும் பொடி இல்லை. விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று விரலில் ஒட்டியது.

ஆயுத பூஜை ஞாபகம் வந்தது, குப்பையில் போட்ட காலிப் பாட்டில்கள் ஞாபகம் வந்தன. சும்மா இருந்துவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு போல்ட்தானே, மெக்கானிக் தப்பு என்றே போய்விடும். யாரும் ஸ்டோரைக் கேட்கப்போவதில்லை.

உள்ளே போய் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். அவளுக்கு என் குரல் அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். பழையதையும் புதியதையும் கலந்தேன் என்பதையும் சொன்னேன்.

"மேடம், கலக்காத பாட்டில் ஒண்ணாச்சும் இருக்கா?"

"இருக்கும்மா. மூடியே திறக்கல."

"அப்ப ரெண்டு போல்ட்ட நல்லா தொடைங்க. ஒண்ணுல அதையும் இன்னொண்ணுல இதையும் தடவி நட்டு மாட்டி வைங்க. அரைமணி நேரம் தொடாதீங்க. அப்புறம் திருகிப் பாருங்க, அதுவே சொல்லிடும்."

அரைமணி நேரம்! வெளியே டிரைவர் கத்துகிறார், மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் இரண்டு போல்ட்டை மேஜையில் வைத்துக்கொண்டு அடை காக்கிறேன். "என்னக்கா, பூஜை போடப் போறீங்களா?" என்று கேட்டார் மேனேஜர். சந்தேகத்தோடு மற்ற நாலு வண்டியையும் நிறுத்துவது ஒன்று, தெரிந்துகொண்டு நிறுத்துவது வேறு. அதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த அரைமணி நேரத்திலேயே முதலில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், பிறகு சோதித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பல் பறந்திருந்தால்? பறக்கவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

அரைமணி ஆனதும் முருகையனைக் கூப்பிட்டுத் திருகச் சொன்னேன். புதுப் பாட்டிலின் நட்டு அசையவில்லை. என் பாட்டிலின் நட்டு இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு வந்தது.

"முருகையன் மேல தப்பு இல்ல சார். தப்பு என்னோடது. மத்த நாலு வண்டியையும் இப்பவே நிறுத்தணும்" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற நேரத்துல நாலு வண்டிய நிறுத்துனா ஊரே வந்து நிக்கும் அக்கா. சாயங்காலம் வேலை முடியட்டுமே?"

"பின்னால வைக்கோல் எடுக்குற ஆளுங்க நிப்பாங்க சார்."

மேனேஜர் போனை எடுத்தார்.

மூன்று டிரைவர்கள் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். நான்காவது வண்டி நன்னிலத்துக்குக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு நான் போட்டேன். அவர் போனை வயலுக்குச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். தனலெட்சுமி என்று பெயர். அவர் அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர், இவர் அதைக் கிரயம் வாங்கி விவசாயம் பார்க்கிறவர். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான்.

"நிறுத்தவா? கெழக்க எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு பாத்தீங்களா? இன்னும் மூணு மா, முழுசா ஒரு ஏக்கரு நிக்கிது. கதிரு பூரா தல சாஞ்சு கெடக்கு."

"தெரியுதுங்க. டிரம்முல போல்ட்டு கழலலாம். பின்னால ஆளு யாரும் இருக்காங்களா?"

"நாலு பேரு நிக்கிறாங்க. ஏன்?"

"மொதல்ல அவங்கள தள்ளிப் போவச் சொல்லுங்க."

சத்தம் போட்டு அவர்களை விலகச் சொன்னது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா? இல்ல, வேற யாரு வயலுக்காச்சும் மிஷின ஓட்டிக்கிட்டுப் போவப் பாக்குறீங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அறுவடைக் காலத்தில் அப்படி நடக்காத ஊர் எது? "நானே நேர்ல வர்றேங்க. நீங்களே உங்க கையால நட்டத் திருகிப் பாருங்க. எல்லாம் இறுக்கமா இருந்தா வரப்புல நிக்க வச்சு என்னை என்ன வேணாலும் கேளுங்க" என்றேன்.

"வாங்க. கேக்குறேன்" என்றார்.

புதுப் பாட்டில் ஒன்று, அதை நம்பி மட்டும் போக முடியாது. முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும், வானம் ஒரு நாள் தராது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகள் ஸ்டோரில் இரண்டு பெட்டி இருந்தன. அவை காய வேண்டியதில்லை, முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். மற்ற மெக்கானிக்குகளுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்து மூன்று வண்டிகளுக்கும் ஆத்தூர்க்காரரின் வண்டிக்கும் அனுப்பினேன். இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டு முருகையனின் பைக்கில் ஏறினேன்.

வண்டியைக் கிளப்பாமல் அவன் திரும்பிப் பார்த்தான். "பெட்டியோட எடுத்துட்டு வர்றீங்க. கையெழுத்து போட்டீங்களா அக்கா?"

"ஓட்டுடா" என்றேன். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது. அழுகை வந்துவிட்டது எனக்கு. பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவனுக்குத் தெரியாது.

தனலெட்சுமி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, கையில் போன். வணக்கம் சொன்னேன், டிரம்மைக் கை காட்டினார். டிரம்மின் மூடியை முருகையன் திறந்ததும் நேராக வந்து முதல் நட்டைத் திருகினார். அசையவில்லை. இரண்டாவது, அசையவில்லை. மூன்றாவதும் அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு நட்டு கழன்றிருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

நான்காவது நட்டு அவர் விரலில் சுற்றியது. ஐந்தாவது இறுக்கம். ஆறாவது, கை வைத்ததும் போல்ட்டோடு ஆடியது. அவர் கையை எடுத்துவிட்டார். வைக்கோல் எடுக்க வந்து தூரத்தில் நின்ற நாலு பேரையும் ஒரு தரம் பார்த்தார்.

"சீக்கிரம் மாட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

முருகையன் ஒவ்வொரு நட்டாகக் கழற்ற, நான் மரையைத் துடைத்துக் கொடுக்க, அவன் புதியதைப் போட்டு முடுக்கினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வண்டி மறுபடி இறங்கி இரண்டு மா அறுத்தது. மூன்றாவது மாவின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது, சேற்றில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. வடிந்த பிறகு ஒர்க் ஷாப் செலவிலேயே வண்டியை அனுப்பினோம். ஆனால் சாய்ந்து கிடந்த கதிரில் நெல் முளைவிட்டிருந்தது. பார்க்கப் போனேன். வெள்ளை வெள்ளையாக முளை. நான் நீலத்தை ஊற்றிக் கெடுத்ததில் வீணான அந்த ஒரு மணி நேரம் அங்கே முளைத்திருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "ஆளுக்கு ஒண்ணும் ஆவல. அது போதும். நெல்லு போனது போனதுதான், அத நீங்க சொல்லி நான் மறக்கப் போறதில்ல" என்றார் தனலெட்சுமி. டீ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

ஒர்க் ஷாப்பில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் முருகையனிடம் வருத்தம் தெரிவித்தார். முருகையன் தலையை ஆட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தான். ஒரு அட்டையில் 'பழையதைப் புதியதில் ஊற்ற மாட்டேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். "ஒரு வாஷருக்குக்கூட எங்கிட்ட கையெழுத்து வாங்குனீங்கல்ல அக்கா? இப்ப நீங்க போடுங்க" என்றான். போட்டேன். தேதியும் போட வைத்தான். நான் ஓய்வு பெறும்வரை அது அலமாரியில் தொங்கியது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவனே நின்று விளக்கம் சொல்லுவான், நான் வேலையாக இருப்பது போல நடிப்பேன்.

அதற்குப் பிறகுதான், சூட்டில் கெடுகிற பசை ட்யூப்களுக்கென்று பிரிட்ஜ் வாங்கினார்கள். நீலத்தைக் கூரைச் சூட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு, நிழலான மூலைக்கு மாற்றினேன். அதற்குப் பிரிட்ஜ் வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் போதும். பாட்டிலைத் திறந்த அன்று பேனாவால் அதன் மேலேயே தேதி எழுதினேன். போல்ட்டைப் பாட்டிலுக்குள் முக்குகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தேன். இரும்புத் தூள் ஒரு துளி உள்ளே போனாலும் கெடும், மீந்ததைத் திரும்ப ஊற்றினாலும் கெடும். இதையெல்லாம் நீங்கள் ஒரு தாளில் படித்துத் தேர்வும் எழுதியிருப்பீர்கள், அதனால் நான் விளக்கப் போவதில்லை. நானும் படித்திருந்தேன், அதுதான் விஷயம். பாட்டிலில் காற்றுக்கு இடம் வேண்டும் என்று அந்தப் போன் பெண்ணும் சொல்லித்தான் இருந்தாள். சின்னப் பெண் சொல்கிறாளே என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலர் இப்போது அந்தப் பெண்ணின் வயதில் இருக்கிறீர்கள். என்னைப் போன்ற ஒருத்தி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களைக் கேலி செய்தால் வாயை மூடிக்கொண்டு விடாதீர்கள். இரண்டாம் தடவையும் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் அறுவடைக்கு முன்னால் தனலெட்சுமி ஸ்டோருக்கு வந்தார். அதற்குள் சொந்தமாக ஒரு பழைய பவர் டில்லர் வாங்கியிருந்தார், அதற்கு பெல்ட் வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரப்பருக்குத் தேதி உண்டுல்ல?"

"உண்டுங்க. பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

பெல்ட்டை மேஜை மேல் என் பக்கமாக நகர்த்தினார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மாதம், வருடம் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.